சைலன்ட் ஹில் 2: காணொளியில் முழுக்கதையும் பார்த்தவர் விளையாட வேண்டுமா?

மழைவிளக்கு

வணக்கம். ‘சைலன்ட் ஹில் 2’ என்ற திகில் வீடியோ கேமின் கதையை முதலிலிருந்து கடைசிவரை காணொளியில் பார்த்துவிட்டேன். ஒருவர் விளையாடிக்கொண்டே தமிழில் விளக்கம் சொல்லும் வகைக் காணொளி. ஜேம்ஸ் சண்டர்லேண்ட், மூன்று வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோன அவன் மனைவி மேரி, சைலன்ட் ஹில் என்ற ஊருக்கு அழைத்து அவள் பெயரில் அவனுக்கு வரும் கடிதம், ஏரிக்கரை ஹோட்டலின் 312ஆம் அறையில் ஓடும் வீடியோ டேப், அதில் தெரியவரும் உண்மை என எல்லாம் எனக்குத் தெரியும்.

என் தம்பி விடமாட்டேன் என்கிறான். “பார்ப்பது வேறு, விளையாடுவது வேறு. ஒருமுறை கன்ட்ரோலரைக் கையில் எடுத்துவிட்டு அப்புறம் பேசு” என்கிறான். திகில் கேமின் பாதி பலம் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இருப்பதில்தானே? அது போய்விட்டது. மீதி என்ன கிடைக்கும் என்று உண்மையாகவே கேட்கிறேன். விளையாடுவதென்றால் பழையதா, 2024இல் வந்த ரீமேக்கா என்பதையும் சொல்லுங்கள். ஆங்கில வசனங்களைப் படித்துப் புரிந்துகொள்வேன், அதில் சிரமம் இல்லை.

இந்த இழையில் முடிவுவரை எல்லாமே பேசப்படும். கதை தெரியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழையவட்டு

தம்பி சொல்வது சரி. ஆனால் எல்லாக் கதை கேம்களுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் நடந்து போவதைத் தவிர நமக்கு வேலையே இல்லாத கேம்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே போதும். இது அந்த ரகம் அல்ல.

2001 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தபோதே இதற்குப் பல முடிவுகள் இருந்தன. முதல்முறை விளையாடுபவருக்கு ‘லீவ்’, ‘இன் வாட்டர்’, ‘மரியா’ ஆகிய மூன்றில் ஒன்று வரும். வேறு கேம்களில் முடிவு மாறுகிறது என்றால் ஓரிடத்தில் கதையை நிறுத்தி, இவனைக் காப்பாற்றுகிறாயா, விட்டுவிடுகிறாயா என்று கேட்பார்கள். நாமும் பெரிய மனிதர்போல யோசித்து ஒரு பொத்தானை அழுத்துவோம். இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை முதல் மணி நேரத்திலிருந்தே கேம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏஞ்சலா என்ற இளம்பெண் கையில் கத்தியோடு பெரிய கண்ணாடி முன்னால் தரையில் படுத்திருப்பாள். அவள் என்ன செய்ய நினைக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரியும். கடைசியில் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஜேம்ஸ் அதை எடுத்துக்கொள்வான். அந்தக் கத்தியால் ஊரில் திரியும் பயங்கர உருவங்களில் ஒன்றையும் குத்த முடியாது, ஒரு பூட்டையும் திறக்க முடியாது. கேம் முடியும்வரை பையில் சும்மா கிடக்கும். ஆனால் பையைத் திறந்து அடிக்கடி அந்தக் கத்தியை எடுத்து உற்றுப் பார்த்தீர்கள் என்றால், கேம் அதைக் குறித்துக்கொள்கிறது. அடிபட்ட பிறகும் மருந்து குடிக்காமல் நெடுநேரம் திரிந்தால் அதையும் குறித்துக்கொள்கிறது. இரண்டும் ‘இன் வாட்டர்’ பக்கம் இழுக்கும். அதில் ஜேம்ஸ் மேரியின் உடலோடு காரை ஏரிக்குள் செலுத்திவிடுகிறான். மேரியின் புகைப்படத்தையும் கடிதத்தையும் எடுத்து எடுத்துப் பார்ப்பவருக்கு, அடிபட்டதும் உடனே மருந்து போட்டுக்கொள்பவருக்கு ஜேம்ஸ் ஊரை விட்டு வெளியேறும் ‘லீவ்’ நெருங்கும். ஊரில் ஜேம்ஸ் சந்திக்கும், மேரியின் சாயலிலேயே இருக்கும் மரியா என்ற பெண்ணை விட்டு விலகாமல் நடப்பவருக்கு, மருத்துவமனையில் அவளைப் படுக்கவைத்த அறைக்குத் திரும்பிப்போய் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பவருக்கு ‘மரியா’.

காணொளியில் நீங்கள் பார்த்தது அந்த விளக்கம் சொன்னவருக்குக் கிடைத்த முடிவு. உங்களுடையது இன்னும் எழுதப்படவில்லை.

தர்க்கம்

பழையவட்டு சொன்ன தகவல்கள் எல்லாம் சரியானவை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

திகில் கேம் விளையாடும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது சிக்கனம். தோட்டாவும் மருந்தும் எங்கே, எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அதனால் உயிர் போகும் நிலைவரை மருந்தைத் தொடாமல் சேர்த்து வைப்போம். அது உயிர் மேல் உள்ள ஆசை. இந்த கேம் அதே செயலைச் சாக விருப்பம் என்று கணக்கில் எழுதுகிறது. இதுபோலத்தான் கத்தியும். பையில் ஒரு பொருள் இருந்தால் அது எதற்கு உதவும் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பது புதிர் விடுவிக்கும் பழக்கம், மனத்தின் இருட்டு அல்ல. என்னிடம் விதியைச் சொல்லாமல் என் நடத்தைக்கு ஒரு பொருள் கற்பித்து, அதை என் முகத்துக்கு நேராகத் தீர்ப்பாக வாசிப்பது நேர்மையா?

இன்னொன்றும் உண்டு. இந்த விதிகள் எல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு விளையாடுபவர் தனக்கு வேண்டிய முடிவுக்கு ஏற்றபடி நடந்துகொள்வார். மழைவிளக்குக்கு இந்த இழையிலேயே தெரிந்துவிட்டது.

ஒலிக்கூடம்

முடிவுகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம். நான் சத்தத்தைப் பற்றிப் பேச வந்தேன், ஏனென்றால் காணொளி முதலில் கெடுப்பது அதைத்தான்.

நகரத்துக்குள் ஜேம்ஸ் சந்திக்கும் முதல் உருவத்தின் அருகில் ஒரு சின்ன ரேடியோ கிடைக்கும். அதன் பிறகு ஆபத்து பக்கத்தில் வரும்போதெல்லாம் ரேடியோ கரகரக்கும். கேட்பதற்கு வசதிபோல இருக்கிறது அல்லவா? விளையாடிப் பாருங்கள். கரகரப்பு ஏதோ இருக்கிறது என்று சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இருட்டு நடைவழியில் டார்ச் வெளிச்சம் எட்டுவது சில அடி தூரம்தான். சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைக்க வேண்டும். காணொளியில் ஒருவர் அதன் மேலேயே பேசிக்கொண்டிருப்பார், நமக்கு அது வெறும் இரைச்சல். கன்ட்ரோலர் கையில் இருக்கும்போது அந்த இரைச்சல்தான் நம் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது.

இசையமைத்தவர் அகிரா யமவோகா. பலர் அவருடைய பியானோ, கிட்டார் இசையைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் இசையல்லாத இடங்களில் செய்திருப்பதுதான் பெரிது. சுவருக்குப் பின்னால் உலோகம் உரசுவதுபோல ஒன்று. யாரோ நம் காலடிக்குக் கொஞ்சம் பிந்தி அடி வைப்பதுபோல ஒன்று. சில அறைகளில் ஒன்றுமே இல்லாத மௌனம்.

ஆரம்பத்தில் ஏரியைப் பார்க்கும் இடத்திலிருந்து ஊருக்குள் இறங்கிச் செல்லும் காட்டுப்பாதையை நினைத்துப் பாருங்கள். மிக நீளம். எதுவும் தாக்காது, எதுவும் நடக்காது. காணொளி எடுப்பவர்களில் பாதிப்பேர் அதை வெட்டிவிடுகிறார்கள் அல்லது வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். விளையாடும்போது வெட்ட வழியில்லை, நடந்துதான் ஆக வேண்டும். மூடுபனிக்குள் பாதை முடியவே மாட்டேன் என்கிறது, பின்னால் ஏதோ வருகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. திரும்பிப் போனால் என்ன என்ற எண்ணம் வரும் அளவுக்கு அதை நீட்டியிருக்கிறார்கள். ஊரை அடையும்போது நாமாகவே அங்கே வந்து சேர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

மூடுபனி பற்றி ஒரு குறிப்பு. 1999இல் வந்த முதல் பாகத்தில், பழைய பிளேஸ்டேஷனால் தொலைவில் உள்ள கட்டடங்களை வரைந்து காட்ட முடியாததை மறைக்கத்தான் பனி பயன்பட்டது. இரண்டாம் பாகம் வந்த கருவிக்கு அத்தனை பலவீனம் இல்லை. ஆனாலும் பனியை வைத்துக்கொண்டார்கள். இயலாமைக்காக வந்தது அந்த ஊரின் இயல்பாகவே மாறிவிட்டது.

பழையவட்டு

தர்க்கம், மருந்துச் சிக்கனம் பற்றி நீங்கள் சொன்னது வலுவான வாதம். முழுவதும் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரே செயலை வைத்துத் தீர்ப்பு வருவதில்லை. பல சிறு செயல்கள் சேர்ந்து ஒரு பக்கம் சாய்கின்றன. சிக்கனக்காரர் மேரியின் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். இன்னொன்று, மூல வடிவத்தில் உயிர்நிலை எவ்வளவு இருக்கிறது என்பது திரையில் தெரியாது. மெனுவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவே தோன்றாமல் ஒருவன் நடந்துகொண்டிருக்கிறான் என்றால், அதை அந்தக் கதாபாத்திரத்தின் மனநிலையாக எடுத்துக்கொள்வதில் எனக்குக் குறை தெரியவில்லை. அது விளையாடுபவரைப் பற்றிய தீர்ப்பு அல்ல, ஜேம்ஸைப் பற்றியது. நீங்கள் எப்படி விளையாடினீர்களோ, அப்படி நடந்துகொள்ளும் ஒரு ஜேம்ஸ் கடைசியில் என்ன செய்வான் என்று கேம் கேட்கிறது.

விதி தெரிந்துவிட்டதே என்ற கேள்விக்கு: தெரிந்தாலும் எட்டு மணி நேரம் அதை நினைவில் வைத்து நடிக்க முடியாது. மருத்துவமனையை அடைவதற்குள் மறந்துபோகும்.

மழைவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. ரீமேக்கைத் தொடங்கிவிட்டேன். தம்பியின் கருவியில் அதுதான் ஓடும். ஒலிக்கூடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னதால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில்.

குடியிருப்பில் டார்ச் கிடைக்கும் அறைவரை வந்திருக்கிறேன். தலையில்லாத தையல் பொம்மை ஒன்றுக்குப் பெண்ணின் உடை போட்டிருக்கிறது, வெளிச்சம் அதன் மார்பிலிருந்து வருகிறது. காணொளியில் இதைப் பார்த்தபோது, அடுத்து அந்த அறையில் ஓர் உருவம் எழுந்து வரும் என்பதுதான் என் நினைவில் நின்றது. இப்போது விளையாடும்போது கண்ணில் பட்டது உடை. அது மேரி போட்டிருந்த உடை. நான் அந்த வெளிச்சத்தைக் கழற்றி எடுத்ததும் உடை இருட்டுக்குள் போய்விட்டது. கழற்றியது நான். அந்த ஒரு நொடி காணொளியில் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சண்டை அதிகமாக இருக்கிறது. பழையதிலும் இப்படித்தானா?

மூன்றாம்தளம்

பழையதில் இவ்வளவு இல்லை. ரீமேக்கைச் செய்தது போலந்தைச் சேர்ந்த புளூபர் டீம், வெளியிட்டது கொனாமி, 2024 அக்டோபர் 8 அன்று வந்தது. உருவங்களை வடிவமைத்த மசாஹிரோ இட்டோவும் யமவோகாவும் இதிலும் பணியாற்றியிருக்கிறார்கள். குடியிருப்பும் மருத்துவமனையும் சிறைச்சாலையும் பெரிதாக வளர்ந்துவிட்டன. எட்டு மணி நேரத்தில் முடிந்த கதை இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. கூடுதல் இடத்தை நிரப்பச் சண்டையும் கூடிவிட்டது. மருத்துவமனையின் பின்பாதியில் எனக்குச் சலிப்பு வந்தது. பயம் சலிப்பாக மாறுவதைப்போல ஒரு திகில் கேமுக்குக் கேடு வேறில்லை.

பழையதில் கேமரா நம் கையில் முழுதாக இருக்காது. அறைக்குள் நுழைந்ததும் அது மேல் மூலையிலோ நடைவழியின் மறுமுனையிலோ போய் நின்றுகொள்ளும். ஜேம்ஸ் எதையோ பார்க்கிறான், எதைப் பார்க்கிறான் என்று நமக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வரும். வேறொருவர் அவனைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு அந்தக் கோணங்களிலேயே இருந்தது. ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. அதற்கு வேறொரு பலன் உண்டு: அவன் முகத்தை அருகில் பார்க்கிறோம். குரல் கொடுத்து நடித்த லூக் ராபர்ட்ஸ் மிக அடக்கமாகச் செய்திருக்கிறார். பழைய ஜேம்ஸ் தூக்கத்தில் நடப்பவன் போலப் பேசுவான். அதுவும் ஓர் அழகுதான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான கை சிஹி தொழில்முறை நடிகரே அல்ல.

யாராவது பழையதைத் தேடிப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. படத்தெளிவைக் கூட்டி 2012இல் மறுவெளியீடாக வந்த எச்டி தொகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். இறுதி வடிவத்தின் மூலநிரல் முழுதாகக் கைவசம் இல்லாததால் முற்றுப்பெறாத நிரலிலிருந்து அதை உருவாக்க வேண்டியிருந்தது. பனியே சரியாக வரவில்லை. பனி இல்லாத சைலன்ட் ஹில்லில் வரைபடத்தின் ஓரம் பல்லிளிக்கிறது. பிளேஸ்டேஷன் 2 வட்டு கிடைத்தால் அதுவே நல்லது.

இரவுப்பணி

இந்த இழையில் யாரும் மேரியைப் பற்றி இன்னும் பேசவில்லை. எல்லோரும் ஜேம்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் நோயாளிகளோடு வேலை செய்பவள். என் அம்மாவையும் கடைசிக் காலத்தில் வீட்டில் வைத்து நானே பார்த்துக்கொண்டேன். இந்த கேமை என்னிடம் கொடுத்தவர் பேய்க்கதை என்று சொல்லித்தான் கொடுத்தார்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீண்ட நடைவழி வரும். திரையில் எதுவும் இல்லை, நடை மட்டும்தான். மேரியும் ஜேம்ஸும் முன்பு மருத்துவமனையில் பேசிக்கொண்டது காதில் விழும். அவன் பூக்கள் கொண்டுவந்திருக்கிறான். அவள் பூ வேண்டாம் என்கிறாள், போய்விடு என்கிறாள். நோயும் மருந்தும் தன் உருவத்தைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லித் தன்னையே வெறுத்துத் திட்டுகிறாள், மருத்துவமனையைத் திட்டுகிறாள், அவனையும் திட்டுகிறாள். பிறகு குரல் உடைகிறது. போகாதே, என் பக்கத்திலேயே இரு என்று கெஞ்சுகிறாள்.

இதை எழுதியவர் நோயாளியின் கட்டிலருகே இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கதைகளில் நோயாளிகள் பொறுமையாகச் சிரித்துக்கொண்டே சாவார்கள். உண்மையில் இரவு இரண்டு மணிக்கு என் அம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, நீ எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கத்தியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் அதே கை என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஒரே குரலில் கேட்டது எனக்கு அந்த கேமில்தான். மேரிக்கும் மரியாவுக்கும் குரல் கொடுத்த மோனிகா டெய்லர் ஹோர்கனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த நடைவழியில் நின்று முழுவதையும் கேட்கிறீர்களா, கேட்காமல் ஓடிவிடுகிறீர்களா என்பதும் முடிவுக் கணக்கில் சேர்கிறது. தர்க்கம் தம்பி, மருந்துக் கணக்கு அநியாயம் என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இந்தக் கணக்கு அநியாயம் என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நோயாளி பேசும்போது நிற்பதும் நடப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

தர்க்கம்

அக்கா, அந்தக் கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நடைவழியை நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இன்னொரு முறை அங்கே போய் நின்று கேட்டேன்.

ஆனால் ஜேம்ஸ் விஷயத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். டேப்பில் இருப்பது என்ன? அவன் நோயாளி மனைவியின் முகத்தில் தலையணையை வைத்து அமுக்குகிறான். பல விவாதங்களில் இதைக் கருணைக் கொலை என்று மென்மையாக்கிவிடுகிறார்கள். அவள் வலி தாங்காமல் சாவை விரும்பினாள் என்பதற்குக் கதையில் இடம் இருக்கிறது. அவள் சாக விரும்பவில்லை என்றும் சொன்னாள் என்பதற்கும் அதே கதையில் இடம் இருக்கிறது. தன் வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசையும் தனக்குள் இருந்தது என்று ‘லீவ்’ முடிவில் ஜேம்ஸே சொல்கிறான். அவன் வாயால் சொன்ன பிறகு நாம் ஏன் அவனுக்காக வழக்காட வேண்டும்?

இரவுப்பணி

வழக்காடவில்லை. நானும் அது கொலை என்றுதான் சொல்கிறேன்.

பராமரிப்பவருக்கு நோயாளி மேல் வெறுப்பு வரும். வராது என்பவர் பராமரித்ததில்லை. அந்த வெறுப்பு வந்த நாளில் அதை யாரிடமாவது சொல்ல முடிந்தால் அது அங்கேயே முடிந்துபோகும். ஜேம்ஸ் யாரிடமும் சொன்னவனாகத் தெரியவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததுதான் அந்த ஊர் முழுக்க உருவமாக நடமாடுகிறது. தாதி உடையில் முகம் தெரியாமல் தள்ளாடுபவர்கள், தோலுக்குள் கட்டப்பட்டுக் கைகளை எடுக்க முடியாமல் துடிக்கும் அந்த முதல் உருவம். கட்டிலில் கிடந்தவளை நீண்ட நாள் பார்த்தவனின் கண்ணுக்குள் இருப்பவை அவை.

ஏரிக்கரை

இரவுப்பணி அக்கா தொட்ட இடத்திலிருந்தே தொடர்கிறேன். அந்த ஊர் எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிவதில்லை. இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

லாரா என்ற சிறுமி ஊர் முழுக்கத் தனியாக ஓடித் திரிகிறாள். ஒன்றும் அவளைத் தொடுவதில்லை. அவள் கண்ணுக்கு உருவங்களே இல்லை, வெறும் காலி ஊர். ஏஞ்சலாவுக்கு நெருப்பு. கடைசியாக அவளை எரியும் படிக்கட்டில் சந்திக்கிறோம். இது உனக்கும் தெரிகிறதா என்பதுபோல ஜேம்ஸைக் கேட்டுவிட்டு, தனக்கு எப்போதுமே இப்படித்தான் என்று சொல்லி மேலே ஏறிப் போய்விடுகிறாள். சிறுவயதில் சொந்த வீட்டிலேயே அவளுக்கு நடந்த கொடுமை எந்த இடத்திலும் காட்சியாக வராது. அவள் ஒதுங்கி நிற்கும் விதத்திலும், ஜேம்ஸ் கை நீட்டினால் அவள் உடம்பு சுருங்குவதிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பகுதிக்குத் தயாராக வர வேண்டும் என்பதை இங்கே வெளிப்படையாகவே சொல்லிவைக்கிறேன். எட்டி என்ற இளைஞனுக்கு எங்கு பார்த்தாலும் தன்னைக் கேலி செய்பவர்கள். ஊர் அவரவர் கொண்டுவந்ததை அவரவருக்குக் காட்டுகிறது.

இதனால்தான் பிரமிட் ஹெட் என்ற அந்தப் பெரிய உருவத்தைப் படங்களிலும் பிற பாகங்களிலும் வெறும் வில்லனாக இழுத்துவந்தது எனக்குப் பிடிக்கவில்லை. உருவாக்கிய இட்டோவே அதைப் படைத்ததற்காகப் பொதுவெளியில் வருந்தியிருக்கிறார். அது ஜேம்ஸுக்கு மட்டும் சொந்தமானது. முதலில் பார்க்கும்போது என்ன செய்கிறது? குடியிருப்பின் நடைவழியில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம், அசையாமல் நிற்கிறது. தாக்கவில்லை. பார்க்கிறது, அவ்வளவுதான். தன்னைத் தண்டிக்க ஒருவர் வேண்டும் என்று ஜேம்ஸ் விரும்பியதால் வந்தது அது. கடைசியில், இனி அது தேவையில்லை என்று அவன் உணர்ந்து நிற்கும்போது, அது தன் ஈட்டியிலேயே தன்னை மாய்த்துக்கொள்கிறது. நம் குண்டுகள் அதைக் கொல்வதில்லை. வேறொருவன் கதையில் இதற்கு என்ன வேலை?

லாராவிடம் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. மேரி அவளுக்கு எழுதிய கடிதத்தை ஹோட்டலில் ஜேம்ஸிடம் காட்டுகிறாள். அதில் மேரி லாராவின் எட்டாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். உனக்கு எத்தனை வயது என்று ஜேம்ஸ் கேட்கிறான். போன வாரம்தான் எட்டு முடிந்தது என்கிறாள். அப்படியானால் மேரி இறந்து மூன்று வருடம் ஆகவில்லை. சத்தமில்லை, ரத்தமில்லை, ஒரு குழந்தையின் பிறந்தநாள். கதை முழுக்கவே நாம் நம்பி நடந்த முதல் வாக்கியம் அங்கே உடைகிறது.

ஒலிக்கூடம்

ஏரிக்கரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆரம்பத்தில் மேரியின் கடிதம் என்று பையில் இருப்பதைப் பழைய வடிவத்தில் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் எழுத்துகள் மறைந்து வெறும் தாள் இருக்கும். பிறகு உறை மட்டும் இருக்கும். பிறகு அதுவும் இருக்காது. கேம் இதை எங்கும் அறிவிக்காது. பார்த்தவருக்குத் தெரியும், பார்க்காதவருக்குத் தெரியாது. காணொளியில் அந்த விளக்கக்காரர் பையைத் திறக்கவில்லை என்றால் உங்களுக்கும் இல்லை.

மழைவிளக்கு

முடித்துவிட்டேன். எனக்கு வந்தது ‘இன் வாட்டர்’.

பழையவட்டு சொன்னது நடந்தது. கத்தியின் விதி எனக்குத் தெரியும், இங்கேதான் படித்தேன். ஆனாலும் சிறைச்சாலைக்குப் பிறகு எனக்கு அது நினைவில் இல்லை. மரியா கம்பிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சில நேரம் மரியாவாகவும் சில நேரம் மேரியாகவும் பேசுகிறாளே, அந்தக் காட்சி முடிந்து நான் சுற்றிக்கொண்டு அவள் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் இறந்து கிடந்தாள். அதற்குப் பிறகு நான் பையைத் திறந்த நேரமெல்லாம் மருந்து எடுப்பதற்காக இல்லை. ஏஞ்சலா படியேறிப் போன பிறகு அவள் விட்டுச்சென்ற பொருள் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அவளை நினைத்துத்தான் எடுத்துப் பார்த்தேன்.

இங்கே தர்க்கம் எழுப்பிய கேள்வி என் விஷயத்தில் உண்மையாகிறது. நான் ஏஞ்சலாவுக்காக வருந்தினேன். கேம் அதை ஜேம்ஸ் சாக விரும்புகிறான் என்று படித்தது. ஆனால் முடிவைப் பார்த்தபோது அநியாயம் என்று தோன்றவில்லை. யாரையும் காப்பாற்ற முடியாமல் அந்தக் கத்தியோடு நடந்தவன் அங்கேதான் போய்ச் சேர்வான் என்று தோன்றியது. ஏரியின் இருட்டுக்கு மேல் மேரியின் கடிதத்தை அவள் குரல் வாசிக்கிறது. காணொளியில் அதைக் கேட்டபோது நல்ல வசனம் என்று நினைத்தேன். இந்தமுறை வாசித்து முடிக்கும்வரை கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

இரவுப்பணி அக்கா, நடைவழியில் நின்றேன். முழுவதும் கேட்டேன்.

இரவுப்பணி

நன்றி அம்மா. இரண்டு நாள் கழித்துத் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். உடனே அடுத்த கேமைத் தொடங்க வேண்டாம்.

தர்க்கம்

கேம் உங்கள் வருத்தத்தைத் தவறாகப் படித்தது என்பதில் நான் மாறவில்லை. நீங்கள் எழுதியிருப்பது என் வாதத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று என்பேன். ஆனால் அந்தச் சான்று விளையாடியதால் மட்டுமே கிடைத்தது என்பதையும் மறுக்கமாட்டேன். தம்பி ஜெயித்துவிட்டார்.

மழைவிளக்கு

அவனிடம் சொல்லிவிட்டேன். பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வருவதாகச் சொல்கிறான். மறுபடியும் விளையாடினால் புதிதாக ஏதாவது இருக்கிறதா? புதிர்களின் விடைகள் இப்போது எனக்கு மனப்பாடம்.

பழையவட்டு

இருக்கிறது. ஒருமுறை முடித்த பிறகு இரண்டாம் சுற்றில் நான்கு பொருள்கள் ஊருக்குள் புதிதாகத் தோன்றும்: ஒரு வெண்தைலக் குப்பி, இரண்டு புத்தகங்கள், ஒரு கரிய கிண்ணம். நான்கையும் சேர்த்தால் ‘ரீபர்த்’ முடிவு. ஜேம்ஸ் மேரியைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவிலுள்ள தீவுக்கு, அவளைத் திரும்ப எழுப்பும் சடங்குக்காகப் போகிறான். ‘இன் வாட்டர்’ பார்த்தவருக்கு அது இன்னும் கனமாக இருக்கும்.

விடைகளை நம்பிப் போகாதீர்கள். பழையதில் சண்டைக்கு ஒரு கடின நிலை, புதிருக்குத் தனியாக ஒரு கடின நிலை. சண்டையை எளிதாக வைத்துக்கொண்டு புதிரைக் கடினத்தில் வையுங்கள். குடியிருப்பில் மூன்று நாணயங்களை ஐந்து குழிகளில் பொருத்தும் புதிர் வருமே, அதற்கான பாட்டே நிலைக்கு நிலை மாறும். வரிகளை மெதுவாகப் படியுங்கள், அவசரப்படாதீர்கள். அந்த அறைக்குள் உங்களைத் துரத்த எதுவும் வராது.